தேர் போன ராத்திரியின் பூச்சிக் கணக்கு

ஃபிளோராவின் வேலை பூச்சி எண்ணுவது. சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. ரேஷன் கார்டில் திருத்தம் போடப் போனபோது, தொழில் என்ன என்று கேட்ட பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "விவசாயக் கூலின்னே போட்டுடறேன்க்கா" என்றாளாம். ஃபிளோராவும் மறுக்கவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

வலங்கைமானிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் சவேரியார்புரம். ஊருக்கு மேற்கே வாய்க்காலைத் தாண்டினால் அரசாங்க நெல் பண்ணை. பண்ணையின் நடுவரப்பில் ஒரு விளக்குப்பொறி நிற்கிறது. தலையில் சோலார் தகடு, அதற்குக் கீழே ஒரு பல்பு, பல்புக்கு அடியில் புனல், புனலுக்கு அடியில் வாளி. பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். பல்பைச் சுற்றும் பூச்சி புனலில் சறுக்கி வாளித் தண்ணீரில் விழும். காலை ஆறரைக்கு ஃபிளோரா போய் வாளியை எடுத்து, வடிகட்டி, வெள்ளைத் தட்டில் கொட்டி, கோழி இறகால் வகை பிரித்து, எண்ணி, நோட்டில் எழுதுவாள். பதினான்கு வருஷமாக இதே வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்து எட்டு மணிக்கு.

அவள் எண்ணிய பூச்சிகளை வரிசையாக நிறுத்தினால் கும்பகோணம் போய்த் திரும்பி வந்துவிடும் என்று நான் ஒரு கல்யாண வீட்டில் அளந்துவிட்டேன். மறுநாள் காலை ஃபிளோரா வீட்டு வாசலில் நின்றாள். "டீச்சர், நோட்டையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். நீடாமங்கலம் வரைக்கும்தான் வரும். அதுவும் பெரிய பூச்சியும் சின்னப் பூச்சியும் சராசரி போட்டு." அவளிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. வாளியில் விழுவது வயலில் இருப்பதன் அடையாளம் என்பது பண்ணையின் கணக்கு. குருத்துப்பூச்சியின் அந்து இத்தனைக்கு மேல், புகையான் இத்தனைக்கு மேல் என்று ஓர் அபாய அளவு வைத்திருக்கிறார்கள். தாண்டினால் சுற்றியுள்ள நாற்பத்திரண்டு ஊர் விவசாயிகளின் செல்போனுக்கும் செய்தி போகும், மருந்து அடியுங்கள் என்று. அரிசி அளவுகூட இல்லாத பழுப்புப் பூச்சிதான் புகையான். சேர்த்து நட்ட நெல் குத்தின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பெருகிவிட்டால் வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தூரத்திலிருந்து பார்க்கப் புகைந்ததுபோல இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த வட்டங்களை ஃபிளோரா தன் சொந்த வயலில் பார்த்தவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து ஊர் பதினெட்டு நாள் இருட்டில் கிடந்தது. கோயில் மணியே அரை பர்லாங் தள்ளிப் போய் விழுந்தது என்று நான் சொல்வதுண்டு, அதை விட்டுவிடுங்கள். விளக்குப்பொறி மட்டும் எப்படியோ நின்றது. அந்த வாரம் வாளி நிரம்பி வழிந்தது. ஃபிளோரா எண்ணிக் கொடுத்தாள், செய்தி போனது, நாற்பத்திரண்டு ஊரும் மருந்து அடித்தது. ஃபிளோராவும் அவள் வீட்டுக்காரர் ஜெரால்டும் தங்கள் குத்தகை நிலம் ஐந்து மாவிலும், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், அடித்தார்கள். மருந்தில் முதலில் செத்தது சிலந்தி. புகையானின் முட்டையோ தாளுக்குள் பத்திரமாக இருந்தது. இருபது நாளில் அது பொரித்துப் பெருகியபோது பிடித்துத் தின்ன ஆளில்லை. ஐந்து மாவும் புகைந்து போயிற்று.

"எண்ணிக் கொடுத்தது இந்தக் கைதான் டீச்சர்" என்று அப்போது ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மறு வருஷத்திலிருந்து ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தாள். அவ்வளவுதான்.

பூச்சி ஏன் விளக்குக்கு வருகிறது என்பதில் ஊருக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. எங்கள் பங்குச் சாமியார் வருஷத்தில் நான்கு பிரசங்கத்திலாவது விளக்கில் விழும் விட்டிலைக் கொண்டுவந்து, ஆசையால் அழியாதீர்கள் என்பார். ஃபிளோரா பெஞ்சில் உட்கார்ந்தபடி காலை ஆட்டுவாள். ஒரு தை மாதம் களத்தில் நெல் குவித்திருந்தபோது ஜெரால்டின் டார்ச் உருண்டு, வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. அதற்கு மேலே பறந்து வந்த அந்துப்பூச்சி ஒன்று வெளிச்சத்தைக் கடக்கும்போது அப்படியே மல்லாந்து, தலைகீழாகத் தரையில் விழுந்தது. இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே. ஜெரால்ட் டார்ச்சை எடுக்க வந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு அவர் இருட்டிலேயே சாக்கு கட்டினார்.

பண்ணையின் பூச்சி அதிகாரி நீலமேகத்திடம் இதைக் கேட்டாள். அவருக்கு ஓய்வு பெற ஐந்து வருஷம் இருந்தது. கோபக்காரர் இல்லை; அவசரக்காரர்.

"சரியாத்தாம்மா பார்த்திருக்கே" என்றார் நீலமேகம். "ராத்திரி பறக்கிறதுக்கு மேலே எது கீழே எதுன்னு தெரிஞ்சாகணும். வானம் எப்பவும் தரையைவிடக் கொஞ்சம் வெளுப்பு. அந்த வெளுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டே பறக்கும். பக்கத்துல ஒரு பல்பு இருந்தா அதுதான் வானம்னு நினைச்சு அந்தப் பக்கம் முதுகைத் திருப்பும். திருப்பினா சாயும், சாய்ஞ்சா வளையும், வளைஞ்சா அங்கேயே சுத்தும். வெளியே போகத் தெரியாது."

"டார்ச் கீழே கிடந்தா?"

"வானம் கீழே போயிடுச்சுன்னு மல்லாக்கத் திரும்பும். விழும்."

"அப்ப ஆசையில்லையா சார்?"

"ஆசைன்னு சொல்றதுக்கில்லை. வழி தவறினதுதான். பல்பு எங்கேயோ தூரத்துல இருக்கிறதைக் கூப்பிடறதில்லை. பக்கத்துல பறந்து வந்ததைப் பிடிச்சு வச்சுக்குது."

"ஃபாதர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. என் பேரைச் சொல்லாதே."

இது நடந்து மூன்று வருஷம் கழித்து வந்தது போன டிசம்பர்.

சவேரியார் திருவிழா டிசம்பர் மூன்றாம் தேதி. முந்தின நாள் சாயங்காலம் தேர்பவனி. எங்கள் தேர் இருபத்திரண்டு அடி. தெருவில் ஓடும் கரண்ட் கம்பியோ பதினெட்டு அடிதான். தேரைக் குட்டையாகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவர் மறு வருஷம் கமிட்டியில் இருக்கமாட்டார். அதனால் தேர் கிளம்பும்போது கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிப்பது வழக்கம். கம்பத்தில் இரண்டு லைன் ஓடுகிறது. வீட்டு லைனை வயர்மேன் முருகையன் டிரான்ஸ்ஃபார்மரில் நிறுத்துவார். தெருவிளக்கு லைனுக்குத் தனிப்பெட்டி. அதன் சாவி அந்தந்த வருஷக் கமிட்டியில் ஒருவரிடம் இருக்கும். வாய்க்கால்கரை ரோட்டில் வயலை ஒட்டி நிற்கும் பதினெட்டு வெள்ளை விளக்கும், கோயில் முனையில் நிற்கும் உயரமான ஹைமாஸ் விளக்கும் அந்தப் பெட்டியில் அடக்கம். போன வருஷச் சாவி ஜெரால்டிடம் இருந்தது.

ஆறரைக்கு இரண்டு லைனும் நின்றன. ஜெனரேட்டர் வெளிச்சத்தில் தேர் நான்கு தெருவும் சுற்றி ஒன்பது மணிக்கு நிலைக்கு வந்தது. முருகையன் வீட்டு லைனைப் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வீடுகளில் மின்விசிறி சுற்றியது, டி.வி. பேசியது. ஊர் சாப்பிட்டுப் படுத்தது.

மறுநாள் திருவிழா. எட்டரைக்குப் பாட்டுப் பூசை. அதற்குள் எண்ணி முடித்துவிட்டு வந்து பட்டுப்புடவை கட்டிக்கொள்வது என்று ஃபிளோரா ஆறு மணிக்கே கிளம்பினாள். மார்கழிக்கு முந்தின பனி. மதகு அருகே கல்லில் இடறிக் கால் விரல் நகம் பெயர்ந்தது. வாளியைப் பொறியிலிருந்து எடுத்தபோது ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை.

இவ்வளவு விழுந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நன்றாகக் கலந்து, பரப்பி, எட்டுப் பங்கு போட்டு, ஒரு பங்கை எண்ணி எட்டால் பெருக்க வேண்டும். ஃபிளோரா ஒரு பங்கை எண்ணினாள். நம்பிக்கை வராமல் இன்னொரு பங்கையும் எண்ணினாள். புகையான் ஆறாயிரத்து நானூறு. முந்தின நாள் இருநூற்றுப் பத்து. அபாய அளவு ஆயிரம்.

நீலமேகத்துக்குப் போன் போட்டாள். அவர் மன்னார்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் எட்டே முக்காலுக்கு வந்தார். கோயிலில் பாட்டுப் பூசை ஆரம்பித்து ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டிருந்தது. தட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே செல்போனை எடுத்தார்.

"பதினோரு மணிக்குள்ள செய்தி போகணும்மா. பயிர் பொதிகட்டி நிக்குது, கதிர் வெளியே வரப்போற நேரம். இப்ப விட்டா வைக்கோல்தான் மிஞ்சும்."

 ஃபிளோராவுக்கு அந்த வாளியை முன்பே பார்த்ததுபோல் இருந்தது. தட்டைத் திரும்பக் கிளறினாள்.

"சார், ஒரு நிமிஷம். புகையான் மட்டும் இல்லை. தண்ணி வண்டு பாருங்க. தினம் அஞ்சு ஆறு விழும், இன்னைக்கு நூத்து எழுபது. பிள்ளைப்பூச்சி ஒண்ணு ரெண்டு விழும், இன்னைக்கு அம்பது. எல்லாமே முப்பது மடங்கு. வயல்ல புகையான் பெருகியிருந்தா புகையான் மட்டும்தானே கூடணும்? பிள்ளைப்பூச்சி ஏன் கூடுது? அது மண்ணுக்குள்ள இருக்கிறது."

"மழைக்கு முன்னாடி எல்லாம் கிளம்பும்."

"மழை இல்லையே சார். புயல் வருஷத்து வாளியும் இப்படித்தான் இருந்துச்சு. எல்லாமே கூட."

"புயல் வருஷம் புகைஞ்சுதே ஃபிளோரா. அதுக்குத்தான் சொல்றேன்."

"நாம அடிச்ச பிறகுதான் சார் புகைஞ்சுது."

நீலமேகம் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஃபிளோரா தன் கால் விரலைப் பார்த்தாள். நகத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அந்த மதகைப் பதினான்கு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறாள் என்று சொல்வார்கள். உண்மையில் அங்கே ஒரு தெருவிளக்கு உண்டு, ஆறரை வரை எரியும். இன்றைக்கு எரியவில்லை. போனை எடுத்து ஜெரால்டைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நேத்து தேர் நிலைக்கு வந்தப்புறம் தெருவிளக்கைப் போட்டீங்களா?"

எதிர்முனையில் ஒலிபெருக்கிப் பாட்டோடு அண்டாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"எந்தத் தெருவிளக்கு?" என்றார் ஜெரால்ட்.

"நம்ம ஊர்ல எத்தனை பெட்டி இருக்கு?"

"சாவி சட்டையிலதான் இருக்கு."

"சட்டை எங்க இருக்கு?"

"நீதான் ஊறப் போட்டே."

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"போடலாம்னுதான் போனேன். பிரியாணி அண்டாவை இறக்க ஆள் இல்லைன்னு கூப்பிட்டாங்க. அப்படியே... ஏன், யாராவது விழுந்துட்டாங்களா?"

"ஆறாயிரத்து நானூறு பேர் விழுந்திருக்காங்க. வாளியில" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நீலமேகத்துக்கு விளங்கவில்லை. "உன் வீட்டுக்காரர் விளக்குப் போடாததுக்கும் புகையானுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நீங்க சொன்னதுதான் சார். பல்பு தூரத்துல இருக்கிறதைக் கூப்பிடறதில்லை, பக்கத்துல வந்ததைப் பிடிச்சு வச்சுக்குதுன்னீங்க. வயலைச் சுத்தி பதினெட்டு விளக்கு, ஒரு ஹைமாஸ். தினம் பறக்கிறதுல பெரும்பங்கு அங்கதான் மாட்டிக்கிட்டுச் சுத்துது. நம்ம பொறிக்கு மிச்சம்தான் வருது. நேத்து அத்தனையும் அணைஞ்சு போச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே வானம் நம்ம பல்புதான். எல்லாம் இங்க வந்து முதுகைத் திருப்பியிருக்கு. பூச்சி கூடலை சார். விளக்குதான் குறைஞ்சுது."

"புயல் வருஷமும்?"

"அன்னைக்கும் ஊர்ல கரண்ட் இல்லை."

நீலமேகம் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தார். "கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் செய்தி போடாம விட்டு, நிஜமாவே புகையான் இருந்துச்சுன்னா? நாற்பத்திரண்டு ஊர். தெருவிளக்கு எரியலைன்னு நான் போய்ச் சொல்ல முடியுமா?"

"வேண்டாம் சார். வயல்ல போய்ப் பார்த்துடுவோம். ரெண்டு மணி நேரம் இருக்கு."

தப்பாக இருந்தால் என்ன என்று அவளுக்கும் தெரியும். அடித்தும் புகைந்த வயலைப் பார்த்தாயிற்று; அடிக்காமல் புகைந்தால் ஊர் அவளை மன்னிக்காது. நைந்த புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள்.

முறை எளிது. வயலின் குறுக்கே நடந்து, அங்கங்கே ஒரு குத்தைப் பிடித்துச் சாய்த்து, உள்ளங்கையால் இரண்டு தட்டு. அடியில் இருப்பது தண்ணீரில் விழும். குனிந்து எண்ண வேண்டும். குத்துக்குப் பத்துக்கு மேல் புகையான் இருந்தால் மருந்து. குறைவாக இருந்து சிலந்தியும் இருந்தால் பயிரை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். வயலுக்கு இருபது குத்து, ஐந்து வயல்.

முதல் வயல் பண்ணையுடையது. இருபது குத்தில் புகையான் முப்பத்தொன்று. சிலந்தி பத்தொன்பது. நீலமேகம் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது வயலுக்கு வரப்பேறியபோது ஐயாவு மருந்தடிக்கும் மெஷினை வைத்துக்கொண்டு நின்றார். ஃபிளோராவின் குத்தகை நிலத்தை ஒட்டி அவர் நிலம் எட்டு மா. மெஷினில் தண்ணீர் நிரப்பியாயிற்று. மருந்துப் பாட்டில் வரப்பில் இருந்தது.

"யார் சொன்னதுண்ணே?" என்றாள் ஃபிளோரா.

"உன் வீட்டுக்காரன்தான். அண்டாவுக்குப் பக்கத்துல நின்னு ஆறாயிரம் ஆறாயிரம்னு சொல்லிக்கிட்டிருந்தான். நான் பூசைக்கு நடுவிலேயே எந்திரிச்சு வந்துட்டேன்."

"அவருக்கு விளக்குப் போட மட்டும்தான் மறக்கும்" என்று ஃபிளோரா முணுமுணுத்தாள். "அரை மணி நேரம் பொறுங்கண்ணே. உங்க வயலையும் பார்த்துட்டுச் சொல்றோம்."

"நீ எண்ணின கணக்கை நீயே நம்பலைன்னா நான் எதை நம்புறது தங்கச்சி?"

"கணக்கு சரிதாண்ணே. அது வாளியோட கணக்கு. வயலோட கணக்கை இப்பத்தான் எடுக்கிறோம்."

ஐயாவு பாட்டிலைக் கையில் எடுத்து மூடியில் விரலை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர் வயலில் இருபது குத்துக்கு இருபத்திநாலு. அவர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. ஆனால் விரலை எடுத்தார்.

மூன்றாவது, ஃபிளோராவின் வயல். வடக்கு மூலையில் முதல் குத்தைத் தட்டியபோது தண்ணீரில் பழுப்பாக ஒரு சிதறல். பதினான்கு. நீலமேகம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மணி பத்து. ஐயாவு திரும்ப மூடியில் விரலை வைத்தார். ஃபிளோரா அடுத்த குத்துக்குப் போனாள். தட்டாமல் சற்று நின்றாள். பிறகு தட்டினாள்.

"ரெண்டு" என்றார் நீலமேகம். "அடுத்தது."

"ஒண்ணுமில்லை."

"அடுத்தது."

"ஒண்ணு. சிலந்தி மூணு."

அந்த வயலில் இருபது குத்துக்கு நாற்பது. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் கூடுதல். அங்கே ஒரு பட்டம், நடைபாதை போல, பயிரை விலக்கிக் காற்றும் வெயிலும் போக வழிவிட்டால் போதும் என்றார் நீலமேகம். நான்காவது, ஐந்தாவது வயல்களில் இன்னும் குறைவு. பத்தே முக்காலுக்கு அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து செல்போனில் எழுதி வைத்திருந்த செய்தியை அழித்தார். வேறொன்று அடித்து ஃபிளோராவிடம் வாசித்துக் காட்டினார்: வயலில் இறங்கிக் குத்தைத் தட்டிப் பாருங்கள், பத்துக்குக் குறைவாக இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம்.

"சரியாம்மா?"

"'சிலந்தியையும் எண்ணுங்க'ன்னு சேர்த்துக்குங்க சார்."

சேர்த்தார். அனுப்பினார். ஐயாவு மெஷினிலிருந்த தண்ணீரை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, "அப்ப ஹைமாஸ் அடியில தினம் இத்தனை பூச்சியா விழுது? நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

"விடியறதுக்குள்ள தவளையும் காக்காவும் கணக்கை முடிச்சிடும்ணே. அதுங்களுக்கு நோட்டு கிடையாது."

ஃபிளோரா கோயிலுக்குப் போனபோது பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சேற்றுப் புடவையோடு வந்தவளைப் பார்த்துச் சாமியார், "திருவிழாப் பூசைக்கே காணோமே" என்றார். நடந்ததைச் சொன்னாள், ஆசை இல்லை, வழி தவறியதுதான் என்பது உட்பட. நீலமேகத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அந்த விஷயம் பிரசங்கத்தில் வந்தது, யார் சொன்னது என்பது இல்லாமல். ஃபிளோரா காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஜெரால்ட் ஆறு மணிக்கே பெட்டிப் பக்கத்தில் போய் நின்று விளக்கைப் போட்டார். மறுநாள் வாளியில் புகையான் இருநூற்று நாற்பது. நீலமேகத்துக்கு அது போதவில்லை. நேரே ஜெரால்டின் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு ராத்திரி மட்டும் தெருவிளக்கை அணைச்சு வைக்கணும். மறுபடியும் வாளி நிரம்புதான்னு பார்க்கணும்."

ஜெரால்ட் இரண்டு நாளாக ஊர் முழுக்கப் பேச்சு வாங்கியவர். "நான் மறந்து அணைச்சா குத்தம். நீங்க நினைச்சு அணைச்சா ஆராய்ச்சி. அப்படித்தானே சார்?"

"அப்படித்தாங்க" என்றார் நீலமேகம். பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

அந்த ராத்திரிக்கு ஜெரால்ட் வீடு வீடாகப் போய், மதகுப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். காலையில் ஃபிளோரா கூடவே அவரையும் அழைத்துக்கொண்டு போனாள், வாளி தூக்க. ஐந்தாயிரத்துத் தொள்ளாயிரம். தண்ணி வண்டு நூற்று அறுபது. பிள்ளைப்பூச்சி நாற்பத்தெட்டு. எல்லாமே திரும்பவும் ஏறக்குறைய முப்பது மடங்கு. வயலில் அதே குத்துக்கு ஒன்றிரண்டு.

ஃபிளோரா எண்ணி முடித்துவிட்டு வெகு நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று ஜெரால்ட் என்னிடம் சொன்னார். "என்னன்னு கேட்டேன் டீச்சர். அன்னைக்கு எண்ணினதும் சரியாத்தான் எண்ணியிருக்கேன்னு மட்டும் சொன்னா. அழுதாளா என்னன்னு தெரியலை. கோழி இறகை வாயில வச்சுக்கிட்டிருந்தா." இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. ஜெரால்ட் சேர்த்திருக்கலாம்.

தையில் ஐந்து மாவும் அறுத்தார்கள். வடக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் பதர். மற்றபடி வட்டம் எதுவும் விழவில்லை.

பண்ணை நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடுதலாக இருக்கிறது. மழை, நிலா என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் "தெருவிளக்கு: எரிந்தது / எரியவில்லை" என்று நீலமேகமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஃபிளோரா காலையில் முதலில் அதைத்தான் எழுதுகிறாள், அப்புறம்தான் வாளி. டிசம்பர் மூன்றாம் தேதிக்கு நேரே, பழைய பக்கத்தில், அவர் தன் கையால் எழுதியிருக்கிறார்: "எரியவில்லை. காரணம்: தேர்பவனி." ஜெரால்டின் பெயரைப் போடாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

அதற்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில், வேறொரு கையெழுத்து: "மற்றும் பிரியாணி."